ஸ்டெல்லாவின் சளியில் புழு

12-8-1986, செவ்வாய்

என் மனைவி ஸ்டெல்லாவுக்கு மாத்திரை தொடங்கியதிலிருந்து ரத்தப் புற்றுநோய் அடங்கித்தான் இருந்தது. போன வாரம் இருமலும் மூச்சிரைப்பும் வந்ததும், புற்று நுரையீரலுக்குப் போய்விட்டது என்று பயந்தேன்.

இன்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "கேன்சர் பரவலைங்க. சளியில புழு இருக்குது," என்றார். வெறுங்காலோடு வயலில் நிற்கிறவர்களுக்குக் கால்வழியே ஏறுகிற புழுவாம். இத்தனை வருஷம் குடலில் சும்மா கிடந்தது, மாத்திரையால் எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் பெருகி நுரையீரல்வரை ஏறிவிட்டதாம். அதனால் மாத்திரையைக் குறைக்க வேண்டுமாம்.

"கொறச்சா பழைய நோவு திரும்பாதுங்களா?"

"திரும்பலாம். கொறைக்கலைன்னா புழுவே ஆளைக் கொன்னுடும்."

ஸ்டெல்லாவிடம் புழு என்று மட்டும் சொன்னேன். "அட, வெறும் பூச்சிதானாங்க? நான் போயிடுவேன்னு நெனச்சிட்டு இருந்தேன்," என்று சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாளாயிற்று. நானும் சிரித்து வைத்தேன்.

கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத் தூங்குகிறாள். இது நல்ல சேதியா, கெட்ட சேதியா? எனக்கு விளங்கவில்லை. சற்றுமுன் ஜெபம் செய்ய முழங்காலிட்டேன். எந்த நோயை முதலில் சொல்வதென்று தெரியவில்லை. அவள் பெயரை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.