நிறுத்தச் சொன்னதை இன்னொருவருக்கும் சொல்லியிருக்கக் கூடாதா?

என் பொல்லாத சித்தப்பாவுக்கு,

நீங்கள் போய் முப்பத்தொரு நாளாகிவிட்டது. அழவேண்டியவள் பல்லைக் கடித்துக்கொண்டு திரிகிறேன். காரணம் நீங்கள்தான், வேறு யார்?

ஒஸ்லோவில் பிறந்து, நோர்வேக் கொடி போட்ட சட்டையோடு பதினாறு வருடம் ஓடியவள் நான். நூறு மீற்றரும் இருநூறும். இளையோர் பிரிவில் ஒரு தங்கம், பெரியவர்களில் ஒரு வெண்கலம், அஞ்சலோட்டக் குழுவோடு ஐரோப்பியப் போட்டிக்குப் போய் முதற்சுற்றிலேயே திரும்பி வந்தது. பிறகு தொடைத்தசை மூன்று தடவை கிழிந்தது. பயிற்சிக்கென்று ஜேர்மனிக்கு, இந்த டோர்ட்மண்டுக்கு வந்து ஆறு வருடம் உங்கள் மேல்மாடி அறையில் கிடந்தேன். போன வருடம் அணியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இவ்வளவுதான் என் கதை.

ஆனால் நீங்கள் ஊருக்குச் சொன்னது இதையா? கோவிலில், கலியாண வீட்டில், தமிழ்க்கடையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டு நின்றவர்களிடம் எல்லாம், "எங்கட பெறாமகள் ஒலிம்பிக்குக்குப் போறாள்!"

பக்கத்து ஹம் நகரில் நடந்த போட்டிக்கு இரண்டு வான் நிறைய ஆட்களோடு வந்தீர்களே, நினைவிருக்கிறதா? மட்டன் றோல்ஸ் பெட்டியும் வந்தது. கலியாண வீட்டுக்கு வருகிறதுபோல ஆறுதலாகப் பிந்தி வந்தீர்கள். நான் ஓடி முடித்துச் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் துவங்கேல்லையோ பிள்ளை?"

பன்னிரண்டு செக்கனில் முடிகிற விசயம் சித்தப்பா அது! முடிந்துவிட்டது என்று சொன்னால், நடுவர் பெண்மணியைக் காட்டி, "அப்ப இன்னொருக்கா ஓட விடச்சொல்லிக் கேளன்" என்றீர்கள். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

அப்படிப்பட்ட நீங்கள், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் கிழமை, சமையலறையில் என் காலுக்கு ஐஸ் வைத்தபடி சொன்னீர்கள்: "காணும் பிள்ளை. நிப்பாட்டு. படிக்கிற வழியைப் பார்." அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்தச் சொல்லுக்காக இரண்டு வருடம் காத்திருந்தேன்.

ஆனால் அதை ஏன் எனக்கு மட்டும் சொன்னீர்கள்? ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்த வாய்க்கு, இதை இன்னொருவரிடம் சொல்ல ஒரு நிமிடம் கிடைக்கவில்லையா?

இயன்மருத்துவ அவுஸ்பில்டுங்குக்கு, அந்தத் தொழிற்படிப்புக்கு, இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் எழுதவேண்டும். நேற்று உங்கள் அந்தியேட்டிச் சடங்குச் சாப்பாட்டில், கையில் சோற்றுக் கோப்பையோடு ஒவ்வொருவராக வந்தார்கள். "அவரின்ரை கடைசி ஆசை பிள்ளை, ஓட்டத்தை விட்டிடாதை." ஒஸ்லோவிலிருந்து வந்த அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார். "தம்பி இதுக்காகத்தானே உன்னை வீட்டிலை வைச்சுப் பாத்தவன்?"

பொறுக்க முடியாமல் வெடித்துவிட்டேன். "சித்தப்பாதான் நிப்பாட்டச் சொன்னவர்!"

அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "செத்தவன்ரை தலையிலை பழியைப் போடாதை. ஆருக்கு முன்னாலை சொன்னவன்?"

யாரைக் காட்டுவேன்?

"எனக்கு முன்னாலைதான்." சித்தி, கையில் சாம்பார்ச் சட்டியோடு. "நானும் பக்கத்திலைதான் நிண்டனான். இனி ஒருத்தரும் அவளைக் கரைச்சல் படுத்தாதேங்கோ."

அதோடு முடிந்தது. உங்கள் மனைவி சொன்ன பிறகு யார் வாய் திறப்பது?

எல்லோரும் போனபின் பாத்திரம் கழுவினோம். "சித்தி, அவர் சொன்ன அண்டைக்கு நீங்கள் வேலையிலையெல்லோ?"

"ஓம்."

"அப்ப அவர் பிறகு உங்களுக்குச் சொன்னவரோ?"

"அந்த மனுசன் எனக்கு எப்ப என்னத்தைச் சொன்னது? ஆனா நீ பொய் சொல்லமாட்டாய்." கழுவிய சட்டியை என் கையில் தந்தார். "துடை."

சட்டியைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன், சித்தப்பா. முப்பத்தொரு நாளில் முதல் தடவை.

சம்மதக் கடிதத்தை இன்று காலை தபாலில் போட்டுவிட்டேன். படிப்பு முடியும்வரை மேல்மாடி அறையில்தான் இருப்பேன், சித்தியைத் தனியே விடமாட்டேன். உங்களைப் போல இல்லாமல், எதுவானாலும் முதலில் அவரிடம்தான் சொல்லுவேன்.

கோபம் தீராத உங்கள் பெறாமகள்,
துளசி