கண்டெய்னருக்குள் ஓர் எலுமிச்சம்பழம்

21 ஜூன் 2004, திங்கள்

மழை இல்லை. கரண்டும் இல்லை. ஆனால் ஆர்டர் வந்துவிட்டது! ஆப்பிரிக்காவுக்கு ஒரு கண்டெய்னர் தீப்பெட்டி, முதல் தடவையாக எங்கள் சொந்த லேபிளில். இத்தனை வருஷம் பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்கு அடைத்துக் கொடுத்தே காலம் போனது. இது போய்ச் சேர்ந்தால் நாங்களும் ஒரு கம்பெனி. சேராவிட்டால் பழைய குருடி கதவைத் திறடிதான்.

ஆறுமுகத்தாயிடம் சொன்னேன். பெண்டாட்டி என்று இருப்பவள் கொஞ்சம் துள்ளியிருக்கலாம். "ஆடி பொறக்கும் முன்ன அனுப்பிருங்க" என்றாள், அவ்வளவுதான்.

29 ஜூன்

தூத்துக்குடி போய் வந்தேன். துறைமுகமா அது! முன்பெல்லாம் யாரும் கேட்காமல் உள்ளே போய் டீ குடித்துவிட்டு வருவோம். இப்போது வேலி, கேமரா, பாஸ். சரக்கை ஏற்றிவிடும் ஏஜெண்ட் கடற்கரைதான் விளக்கினார்.

"அமெரிக்காவுல கட்டடத்த இடிச்சாம்லா, அதுலேருந்து ஆரம்பிச்சது அண்ணாச்சி. லண்டன்ல எல்லா நாடும் கூடி விதி போட்டாவ. டெல்லியும் அதுக்குத் தக்கன சட்டத்த மாத்துது. ஒண்ணாந்தேதியிலேருந்து அமலு."

"நாம மாட்டோம்னா?"

"இங்கேருந்து போற கப்பல அடுத்த ஊர்ல சந்தேகமாப் பாப்பான். அப்புறம் எவன் இங்கன கப்பல் விடுவான்?"

பஸ்ஸில் அதே யோசனை. எட்டயபுரம் வந்ததே தெரியவில்லை. படையில்லை, பீரங்கியில்லை. கப்பல் வராது என்ற ஒரே ஒரு பயம் – நூறு கோடி ஜனம் உள்ள நாடு சட்டத்தைத் திருத்துகிறது! எங்கோ ஒரு மண்டபத்தில் நாலு பேர் கை தூக்கினால் தூத்துக்குடியில் வேலி முளைக்கிறது. நினைக்க நினைக்கப் பிரமிப்பாக இருக்கிறது.

6 ஜூலை

லோடு ஏற்றியாயிற்று. சீல் வைத்தாயிற்று. முருகா.

8 ஜூலை

கடற்கரை போன். சோதனைக்குத் திறந்தார்களாம். பண்டல்களுக்கு நடுவே ஒரு கறுப்புத் துணி முடிச்சு, அதில் வெள்ளைத் தூள். தீப்பெட்டி ஆபீஸ் சரக்கில் வெள்ளைத் தூள் என்றால் தீக்குச்சி மருந்துக்குப் போடுகிற குளோரேட் ஞாபகம்தான் வரும். குளோரேட் என்றால் குண்டு. கண்டெய்னரைத் தனியே ஒதுக்கிவிட்டார்கள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. சுடலையம்மாள்! பேக்கிங்கில் மூத்தவள். லோடு போகும்போதெல்லாம் கண்ணேறு படாமல் இருக்க, லாரித் தார்ப்பாய்க்குள் ஒரு முடிச்சு வைப்பாள். எலுமிச்சம்பழம், மிளகாய் வற்றல், உப்பு, படிகாரம். ஆபீஸ் தொடங்கிய நாளிலிருந்து உள்ள வழக்கம். கண்டெய்னருக்கும் வைத்திருக்கிறாள். உப்பும் படிகாரமும் நொறுங்கித் தூளாகிவிட்டது.

"மொதமொதல்ல கடல் தாண்டிப் போவுது மொதலாளி, எத்தன கண்ணு படும்! அதான் படியாரம் ரெண்டு கட்டி கூடப் போட்டேன்" என்றாள்.

அடப்பாவி மகளே! ஆனால் திட்ட வாய் வரவில்லை. லண்டன் வரை யோசித்த எனக்கு எலுமிச்சம்பழம் ஞாபகம் வந்ததா?

9 ஜூலை

வைத்தவளே நேரில் வர வேண்டும் என்றார்கள். கூட்டிப் போனேன். "என்னைய உள்ள வச்சிருவாவளா மொதலாளி?" – வழி முழுக்க இதே கேள்வி. மாட்டார்கள் என்றேன், லண்டனில் போட்ட விதியைப் பற்றிச் சொன்னேன். எனக்கு என்ன தெரியும்?

அதிகாரி சின்ன வயது. அதட்டவேயில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"நீங்க கெட்டது செய்யலைன்னு தெரியுதும்மா. ஆனா நாங்க சரின்னு சொன்னா, அதை நம்பித்தான் இன்னொரு நாட்டுக்காரன் கதவைத் திறக்கிறான். எழுதாத ஒண்ணு உள்ள இருக்கக் கூடாது."

தூளை லேபுக்கு அனுப்பினார். வெளியே வந்ததும் சுடலையம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். வேலிக்கு அப்பால் கப்பல்.

"யாத்தே! இம்புட்டுப் பெரிசா? இதையா எம் பழம் பயங்காட்டிச்சு?"

நானும் வாயைப் பிளந்துதான் நின்றேன். எங்கள் சரக்கு ஏற வேண்டிய கப்பல். எங்கள் கண் முன்னாலேயே கிளம்பிப் போனது. அழுகை வந்தது, சொல்வதற்கென்ன.

14 ஜூலை

உப்பும் படிகாரமும்தான் என்று லேப் சொல்லிவிட்டது. அடுத்த கப்பலில் இடம் இருக்கிறதாம். ஆடிக்கு முன்னால் போய்விடும்.

20 ஆகஸ்ட்

சேர்ந்தது! தாமதத்துக்கு முனகினார்கள். முனகிக்கொண்டே இன்னொரு கண்டெய்னர் கேட்டிருக்கிறார்கள்.

3 செப்டம்பர், வெள்ளி

இரண்டாவது லோடு. சுடலையம்மாள் முடிச்சை லாரி பம்பரில் கட்டினாள். துறைமுக வாசலில் அவிழ்த்துவிட வேண்டும் என்று டிரைவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பிறகு கண்டெய்னர் வாசலில் நின்று, ஏற்றுகிற ஆட்கள் ஒவ்வொருவரையும் துண்டை உதறச் சொன்னாள். மடியில் இருந்த பீடிக்கட்டைக்கூட விடவில்லை.

கதவைச் சாத்தும் நேரம் எனக்கு மனசு கேட்கவில்லை. சட்டைப் பையில் கழுகுமலை விபூதிப் பொட்டலம் இருந்தது, சின்னதுதான். பண்டல் இடுக்கில் செருகப் போனேன். மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் என் முன்னால் உட்கார்ந்ததுகூட இல்லை அவள்.

"வேண்டாம் மொதலாளி. லண்டன்ல கூடாதுன்னு சொல்லியிருக்காவ."

பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டேன். அவளே கதவைச் சாத்தினாள்.