ஸ்பீக்கர் பெட்டிக்குப் பொலிஷ்

நாரந்தனையில், மீன்பிடிக்கும் கிளின்ரன் ஆசையாக வைத்திருக்கும் இரண்டு பழைய ஸ்பீக்கர் பெட்டிகளால் வீட்டில் சண்டை. “உதுகளைக் கடலிலை எறியுங்கோ” என்ற மனைவி ஜொய்சி, அதற்குப் பிறகு அவனோடு பேசவேயில்லை.

இன்று கடலுக்குப் புறப்படும்போது பார்த்தால், ஒரு பெட்டியில் உரிந்து தொங்கிய மெல்லிய மேல்பலகை ஒட்டப்பட்டு, பொலிஷ் மினுங்கியது. ஜொய்சியின் விரல்களிலும் அதே பொலிஷ். அவள் நல்ல நித்திரை. கிளின்ரனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு தாளில் எழுதினான்:

“ஜொய்சி, மீன்குழம்பு குசினியிலை, சுடவையும். கதவுத் திறப்பு அலுமாரிக்கு மேலை. பெட்டியை விக்கவோ மினுக்கினீர், எனக்காகவோ? விளங்கேல்லை. இன்னும் கோவமோ? மற்றதைத் தனியத் தேய்க்காதையும், மேல்பலகை மெல்லிசு, ஓட்டை விழுந்திடும்.”

வாசல் படலை வரை போனவன் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினான்:

“நான் வந்தாப்பிறகு ரெண்டுபேருமாத் தேய்ப்பம். பிறகு விக்கிறதெண்டாலும் ஓம்.”