அழைக்காத சங்கத்தில் சேரும் வழி

கரையான்சாவடி, பூந்தமல்லி
14-2-1935

சிரஞ்சீவி மணவாளனுக்கும் மருமகள் சௌபாக்கியவதி வரலட்சுமிக்கும் நைனா ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது.

இங்கு நானும் உன் அம்மாவும் சுகம். வழக்கத்துக்காக எழுதும் சுகம் அல்ல, நேற்று சாயங்காலம் முதல் மெய்யாகவே சுகம், அதற்கு முந்தின ஐந்து நாளும் இந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை, அந்தக் கதையை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ரங்கூனில் உங்கள் இருவர் உடம்பும் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். நீ போன கடிதத்தின் கடைசியில் என்னை ஒரு கேள்வி கேட்டிருந்தாய். ஒருவன் இரண்டு வருஷமாக ஒரு வீட்டு வாசலில் நிற்கிறான், உள்ளே இருப்பவர் அவனோடு அன்பாகப் பேசுகிறார், ஆனால் உள்ளே வா என்று மட்டும் சொல்வதில்லை, அப்படியென்றால் அவன் வேண்டாம் என்றுதானே அர்த்தம், நைனா என்று கேட்டிருந்தாய். முப்பத்துமூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டவன் நான், இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பிரகாசம் அவர்களை நினைத்தால் இன்னும் குழப்பமாக இருந்தது. நீ கப்பலை விட்டு இறங்கிய அன்று துறைமுகத்துக்கே வந்து கூட்டிப்போன மனிதர், உன் கம்பெனி ஹெட் கிளார்க்காக இருந்தும் உன்னைத் தம்பி என்று அழைக்கிறவர், வரலட்சுமி டைபாய்டில் கிடந்தபோது அவர் சம்சாரம் ஞானகுமாரி பதினெட்டு நாள் தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவந்து ஊட்டியவள். அப்பேர்ப்பட்டவர் தாம் சேர்ந்திருக்கும் பிரீமேசன் லாட்ஜ் என்ற சங்கத்தைப்பற்றி உன்னிடம் ஆசை ஆசையாகச் சொல்லிவிட்டு, நீயும் வா என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் மனசு சுருங்கத்தான் செய்யும். ஆனால் அதற்காக நீ அவர் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாய் என்பதும், மாந்தலே கிளைக்கு மாற்றல் கேட்டு மனு எழுதி மேஜையில் வைத்திருக்கிறாய், மாதக் கடைசியில் கொடுக்கப்போகிறாய் என்பதும் படித்து எனக்குத் திக்கென்றது. கடல் தாண்டிய ஊரில் உங்களுக்கு என்று இருப்பது அந்த ஒரு வீடு.

இதில் நான் செய்த தவறு ஒன்று உண்டு. உன் கடிதத்தை அம்மாவுக்கு எப்போதும்போல் உரக்கப் படித்தேன், பிரீமேசன் என்ற சொல்லையும் விடாமல் படித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து நம் தெருமுனை ஜட்கா வண்டிக்கார வேம்புலி தவிட்டு மூட்டையை இறக்கிவிட்டு வாசலில் நின்றிருந்தான். ஐயே, தலைவெட்டிக் கோயிலு சங்கதியா வாத்யாரே, அங்கேயா நம்ம தம்பி போவப் போவுது என்று அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். நம் தேவராஜ் டாக்டரை ஒரு நாள் பஸ் ஓடாததால் இவன்தான் எழும்பூர் லாட்ஜுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனானாம். என் ரெண்டு கண்ணால பாத்தேன் வாத்யாரே, கதவாண்ட ஒரு ஆளு உருவுன கத்தியோட நின்னுகினு கீறான், உள்ள மூணு தபா டொக்கு டொக்குன்னு சத்தம் வந்துது, அப்பால கதவு சாத்திக்கிச்சு, தலைய வெட்டி அப்பாலிக்கா ஒட்ட வெப்பாங்களாம், அதான் அவுங்களுக்குச் சத்தியம் என்றான். டாக்டர் தலை ஒழுங்காகத்தானே இருக்கிறது என்று நான் கேட்டதற்கு, ஒட்டுன எடம் தெரியாமத்தான் எப்பவும் கோட்டுக் காலரைத் தூக்கி வுட்டுக்கினு கீறாரு என்று பதில் வைத்திருந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அம்மாவுக்கு வரவில்லை. அன்று மாலையே மாங்காட்டு அம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். எம் புள்ள தலை ஒட்டாம பூட்டா இன்னா பண்றது, அந்தப் பிரகாசம் சகவாசமே வாணாம், மாந்தலேயோ எந்த ஊரோ போவட்டும்னு இப்பவே எழுது என்று பிடித்துக்கொண்டாள். ஐந்து நாளும் காலையில் அதையே கேட்பாள், இன்னும் எழுதலியா என்று. நான் காகிதத்தை எடுப்பேன், தெரியாத விஷயத்தில் பிள்ளைக்கு யோசனை சொல்வது எப்படி என்று வைத்துவிடுவேன்.

நேற்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு தேவராஜ் டாக்டர் வீட்டுக்கே போனேன். அவரோடு எனக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம் என்பது உனக்குத் தெரியும், சாயங்காலம் காட்டுப்பாக்கம் வரை ஒன்றாக நடந்து திரும்புவோம். மாதம் ஒரு தடவை ஒரு தோல் பெட்டியை எடுத்துக்கொண்டு எழும்பூர் போவார், எதற்கு என்று ஊருக்கே தெரியும், நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சொல்லவேண்டியதாக இருந்தால் அவரே சொல்வார் என்று இருந்துவிட்டேன். ஆனால் தாலுகா ஆபீஸ் கோதண்டம் அந்த லாட்ஜில் சேர்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்ட அன்று, என்னைக் கூப்பிடவில்லையே என்று எனக்கும் கொஞ்சம் உறைத்தது, அதை உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன். நேற்று கேட்டேவிட்டேன், லாட்ஜில் ஒருவன் சேரவேண்டுமானால் என்ன வழி, நீங்கள் ஏன் யாரையும் கூப்பிடுவதில்லை என்று. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமா இந்தக் கேள்விக்குத்தான் வாத்தியாரே காத்துக்கிட்டு இருக்கேன் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொன்னார், எங்களுக்குக் கூப்பிட அனுமதி கிடையாது, வர்றவன் சொந்த மனசா வரணும், நண்பன் இழுத்தான், மேலதிகாரி சொன்னார்னு வரக்கூடாது, நான் வாங்கன்னு சொல்லிட்டா அப்புறம் நீங்க உங்க மனசா வந்ததா ஆகுமா, அதனால கேக்கறவனுக்குத்தான் வழி சொல்வோம், கோதண்டம் பஸ்ஸிலே உக்காந்துக்கிட்டு பெட்டியில என்ன சார்னு நேராவே கேட்டான், சொன்னேன், நீங்க ஒரு நாளும் கேக்கலே. நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் சிரித்தோம். பிறகு, அப்படின்னா இப்பக் கேட்டது உங்களுக்காக என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார், மேலே போனால் அழைத்ததாகிவிடும் அல்லவா. பிள்ளைக்காகத்தான் கேட்டேன் என்றேன், தலையை ஆட்டிக்கொண்டார்.

மணவாளா, உன்னை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிரகாசம் அவர்கள் சொல்லக்கூடிய எல்லையளவும் சொல்லிவிட்டு உன் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார், நீ அவர் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய். இது நம் வளர்ப்பில் வந்த பிசகு. வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத இடத்துக்கு நாம் போவதில்லை. உன் தங்கை கன்னியம்மாள் கல்யாணத்தில் உன் பெரிய மாமா சத்திரத்து முனையில் முகூர்த்த நேரம் வரை நின்றது உனக்கு நினைவிருக்கும், பத்திரிகை தபாலில் வந்தது, நேரில் வரவில்லை என்று, நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்த பிறகுதான் படியேறினார். அந்த ரத்தம்தான் உனக்கும். அது தப்பு என்று சொல்லவில்லை, கல்யாண வீட்டுக்கு அது சரி, இந்த வீட்டுக்கு வழக்கம் வேறு, இங்கே அழைக்காமல் இருப்பதுதான் மரியாதை.

அம்மாவுக்கு என் வாயால் சொன்னால் தீராது என்று டாக்டரையே வீட்டுக்கு அழைத்துவந்தேன். அவர் மோர் குடித்துவிட்டு முதல் காரியமாகக் காலரை இறக்கிக் கழுத்தைக் காட்டினார், நல்லாப் பாத்துக்கம்மா, தையல் கியல் இருக்கான்னு என்று. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பார்த்துக்கொண்டாள். கத்தியோடு ஆள் நிற்பது நிஜம்தானாம், உறுப்பினர் அல்லாதவர் உள்ளே வராமல் காவல், பழைய காலத்து வழக்கம், அந்தக் கத்தியால இதுவரைக்கும் ஒரு வெள்ளரிப்பிஞ்சுகூட நறுக்கினதில்லைம்மா என்றார். உள்ளே இன்னா சாமி டாக்டரண்ணா, எம் புள்ளைய கிறிஸ்து வேதத்துல சேத்துப்புடுவாங்களா என்று அம்மா கேட்டாள். கடவுள் உண்டு என்று நம்புகிறவனாக இருக்கவேண்டும், எந்தக் கடவுள் என்று கேட்கமாட்டார்கள், அவரவர் வேதப் புத்தகத்தின்மேல் கைவைத்து அவரவர் பிரமாணம் செய்யலாம், நான் பைபிள்மேல வச்சேன், கோதண்டம் கீதைமேல வச்சான், உள்ளே மதச் சண்டையும் பேசக்கூடாது, அரசியலும் பேசக்கூடாது என்றார். கொத்தனாரின் மட்டப்பலகையையும் மூலைமட்டத்தையும் அடையாளமாக வைத்துக்கொண்டு ஒழுங்காக நடப்பது எப்படி என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் சகோதர சங்கம், கஷ்டப்படுகிறவர்களுக்குத் தருமமும் செய்கிறார்கள், தங்களுக்குள் தெரிந்துகொள்ளும் சில ஜாடைகளை மட்டும் வெளியில் சொல்வதில்லை, இவ்வளவுதான். அம்மா கடைசியில் என்னைப் பார்த்து, இருவத்திரெண்டு வருசமா பக்கத்துல நடந்துகினே ஒரு வார்த்தை கேக்காத மனுசன், புள்ளைக்கு மட்டும் புத்தி எங்கேர்ந்து வரும் என்றாள். அப்போதே தெரிந்துகொண்டேன், பயம் போய்விட்டது.

டாக்டர் சொன்ன வழியை அப்படியே எழுதுகிறேன். இருபத்தொரு வயது ஆகியிருக்கவேண்டும், உனக்கு இருபத்தொன்பது. உறுப்பினர் ஒருவர் உன்னை முன்மொழியவேண்டும், இன்னொருவர் வழிமொழியவேண்டும், அவர்கள் உன்னை நன்றாக அறிந்தவர்களாக இருக்கவேண்டும், ஆகையால் கேட்டவுடன் மற்ற உறுப்பினர்களோடும் கொஞ்சம் பழகவிடுவார்கள், மாதங்கள் ஆகலாம், அவசரப்படாதே. பிறகு ஒரு மனுவில் கையெழுத்து, சிலர் கூடி உட்கார்ந்து உன்னோடு பேசுவார்கள், வீட்டில் சம்மதமா என்றும் கேட்பார்களாம், வரலட்சுமிக்கு முன்னமே எல்லாம் சொல்லிவிடு, மறைத்து வைக்காதே. சேரும்போதும் வருஷாவருஷமும் கட்டணம் உண்டு, வீட்டுக்குக் குறைவு வராமல் கட்ட முடியுமா என்று நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளவேண்டும். அதன்பின் ஒரு பெட்டியில் வெள்ளைக் குண்டும் கறுப்புக் குண்டும் போட்டு ரகசியமாகத் தீர்மானிப்பார்கள். நம் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குச் சட்டாம்பிள்ளை தேர்ந்தெடுக்க நான் பானையில் புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் போடச் சொல்வேனே, அதுபோலத்தான், ஆனால் அங்கே எண்ணிக்கையில் அதிகம் எது என்று பார்ப்பதில்லை, சில லாட்ஜில் ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் போச்சு, சிலவற்றில் இரண்டு மூன்று வரை பொறுப்பார்கள். கூடி இருக்கவேண்டியவர்களில் ஒருவருக்குக்கூட மனக்குறை இருக்கக்கூடாது என்பதற்காக. ஒருவேளை அப்படி விழுந்தாலும் கேட்டோம் என்ற நிம்மதியாவது இருக்கும், கேட்காமலே இல்லை என்று தீர்ப்பு எழுதிக்கொண்டு ஊரைவிட்டுப் போவதைவிட அது எவ்வளவோ மேல். எல்லாம் கூடிவந்தால் ஒரு நாள் குறித்து உள்ளே சேர்ப்பார்கள், அதற்குமேல் இரண்டு படிகள் உண்டாம், அவை பிறகு.

என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். வேலையில் உயரலாம், துரைமார் பழக்கம் கிடைக்கும் என்று மனசின் ஓரத்தில் இருந்தால் சேராதே, அதையும் கேட்பார்களாம், நீ பொய் சொல்லிப் பழகாதவன். நம் பள்ளிச் சாரணர் படையில் வீரராகவன் என்று ஒரு பையன், விசிலுக்காகவே சேர்ந்தான், விசில் கைக்கு வந்த மறுவாரம் வரவில்லை, வகுப்பிலே ஊதி என்னிடம் அடிவாங்கினதுதான் மிச்சம். உன் அறைத்தோழனாக இருந்த ராயப்பனும் ஆசைப்படுகிறான் என்று எழுதியிருந்தாய், அவன் கத்தோலிக்கன், அவர்கள் திருச்சபை இதைத் தடை செய்திருக்கிறது, லாட்ஜ் தடுக்காது, ஆனாலும் அவன் தன் சுவாமியாரிடம் பேசாமல் காலை வைக்கவேண்டாம் என்று சொல்.

மற்றபடி இங்கே சம்பா அறுப்பு முடிந்தது, சிவப்பு மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. கன்னியம்மாள் அம்பத்தூரிலிருந்து வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள், குழந்தைக்குப் பல் முளைக்கிறது, கையில் கிடைத்ததை எல்லாம் கடிக்கிறது, என் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் கடித்து வைத்திருக்கிறது. எனக்கு முழங்கால் வலி தேவலை. வேம்புலி மட்டும் நம்பவில்லை, டாக்டருது பழைய வெட்டு வாத்யாரே, ஆறிப்பூட்டுது என்கிறான். வரலட்சுமி உடம்பு இன்னும் முழுக்கத் தேறியிருக்காது, வெயிலில் கடைக்கு அனுப்பாதே, ஞானகுமாரி அம்மாளுக்கு அம்மா நல்லெண்ணெயும் எள்ளுருண்டையும் தனிப் பார்சலாக அனுப்புகிறாள், உங்களுக்கு அனுப்பியதிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடாதே, அந்த உருண்டை அவளுக்கென்றே பிடித்தது.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், நல்லவர்கள் நடுவில் நீண்ட காலம் வாழப் பெருமாளை வேண்டிக்கொள்கிறோம். கடிதம் கைக்கு வந்தபின் வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை, பிரகாசம் அவர்கள் சர்ச்சிலிருந்து திரும்பும் நேரம் பார்த்து வரலட்சுமியோடு அவர் வீட்டுக்குப் போய், நான் உங்கள் லாட்ஜில் சேர விரும்புகிறேன், என்ன செய்யவேண்டும் என்று உன் வாயால் ஒரு தடவை கேள்.

இப்படிக்கு,
உன் நைனா
பரந்தாமன்