அந்த மாத்திரை என்னுது

என் அபோரோசாவுக்கு, விலிமைனா எழுதுறேன். நான் நல்லா இருக்கேன். உங்க சர்க்கரை எப்படி இருக்கு? அது தெரியாம இங்க எனக்கு வேலையே ஓடலை.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதீங்க. கடல் தாண்டி வந்து பழம் பறிக்கிற இந்த ஆரஞ்சுத் தோட்டத்துல, என்கூட வேலை பார்க்குற உங்க தம்பி இசிகேலி, தலைவலின்னு என் பிரஷர் மாத்திரையைக் கேட்டான். சொந்தக்காரன் வாய்விட்டுக் கேட்டா நம்ம ஃபிஜி வழக்கத்துல இல்லைன்னு சொல்ல முடியுமா? ரெண்டு கொடுத்தேன். மரத்தடியிலயே தலை சுத்தி விழுந்துட்டான். "இதென்ன மரவள்ளிக்கிழங்கா, பங்கு போட?"ன்னு நர்ஸ் என்னைக் கிழிச்சுட்டா. சாயங்காலம் எழுந்து உக்காந்து, "அண்ணி, ஆரஞ்சு மரமெல்லாம் ஆட்டம் போட்டுச்சு"ன்னு சிரிக்கிறான்.

எனக்குத்தான் இருப்புக்கொள்ளலை. அங்க நம்ம வீட்டுக்குக் கவா வேர்ச்சாறு குடிக்க வர்றவங்க கேட்டா, நீங்களும் சர்க்கரை மாத்திரையை எடுத்து நீட்டிடுவீங்க. போன தடவை நான் வந்தப்போ பாதி மாசத்துலயே மாத்திரை அட்டை காலி!

இனிமே அந்த மாத்திரை உங்களுது இல்லை, என்னுது. உங்ககிட்ட கொடுத்து வச்சிருக்கேன். அடுத்தவ பொருளை நீங்க எடுத்துக் கொடுக்க முடியாதுல்ல? கேக்குறவங்ககிட்ட அப்படியே சொல்லுங்க. டாக்டர் சொன்ன நேரத்துக்கு எனக்காகப் போட்டுக்கோங்க. காலி அட்டைகளை எறியாதீங்க, வந்து எண்ணிப் பார்ப்பேன்.

வேலைக்குக் கூட்டிட்டுப் போற வண்டி ஹாரன் அடிக்குது. என் பொருளைப் பத்திரமா வச்சிருங்க. உங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

விலிமைனா