ஏழு புள்ளி எட்டு

12 ஜூலை 2011, செவ்வாய்

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. நேற்று முட்டத்துப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் தடுப்பூசி ஃபிரிட்ஜைச் சோதித்துவிட்டு வந்தேன். மேல்தட்டில் 7.8 டிகிரி. எட்டைத் தாண்டினால் மருந்து கெடும். எங்கள் கருவியின் அளவில் அரை டிகிரி முன்பின் இருக்கலாம். எங்கள் ஆய்வக மென்பொருளோ அந்த அரை டிகிரியைச் சேர்க்காமலே ‘தகுதி’ என்று சான்றிதழை அச்சடித்துவிட்டது.

அந்த மென்பொருளை எழுதிய செல்வினிடம் இந்தக் குறையை மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்றும் சொன்னேன்.

“எட்டுக்கு உள்ளதானே நிக்கு மக்கா, பின்ன என்ன?”

“எட்டு புள்ளி மூணாவும் இருக்கலாம்லா?”

“இப்படிப் பாத்தா ஒண்ணும் பாஸாவாது. கையெழுத்தப் போடு.”

நான் போடவில்லை. சான்றிதழ் வாங்க வந்திருந்த நர்ஸிடம், “மேல்தட்டுல மருந்து வைக்காதீங்க சிஸ்டர்” என்றேன். அவர் கோபப்படவில்லை. பையிலிருந்து போன வருடச் சான்றிதழை எடுத்து நீட்டினார்.

“அப்பமும் இதே அளவுதான் சார். தகுதின்னு நீங்கதானே கையெழுத்து போட்டிருக்கீங்க? அத நம்பித்தான் மேல்தட்டுல வச்சோம்.”

என் கையெழுத்துதான். இந்த ஒரு வருடத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு அந்த ஊசியைப் போட்டார்களோ.