அவரைக்காய்ப் புழு

கார்த்திகை 4, வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. பெண்டாட்டி கன்னியம்மாவுக்கு வாதம் அடித்து இன்றோடு இருபத்தாறு நாள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போச்சு. மிச்சம் ஒரு "ம்".

பின்பக்கப் பந்தலில் அவரை காய்த்துத் தள்ளுகிறது. அவள் ஊன்றிய விதை. இரண்டு முறம் பறித்தேன். காம்பெல்லாம் கறுப்புச் செடிப்பேன், விரலில் பிசுபிசுப்பு. மூன்று தண்ணீர் அலசியும் மிதக்கிறது. முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த கை. இது எங்கே பழகியது?

மகள் சுமதி செங்கல்பட்டிலிருந்து போன். "பூச்சி மருந்து ஒரு தபா அடிச்சி வுட்டுடு நைனா." கன்னியம்மா ஸ்பீக்கரில் கேட்டுவிட்டாள் போல. கட்டிலிலிருந்து "ம்ம்ம்!" தலையை அந்த ஆட்டு ஆட்டினாள். மருந்து அடிக்கவில்லை.

கார்த்திகை 5, வெள்ளி

மழை விட்டது. கேஸ் சிலிண்டருக்குச் சொல்லவேண்டும். மாத்திரை ஆறு நாளைக்குத்தான்.

பக்கத்து வீட்டுப் பவுனம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாண்ணா, முழுக் காய தண்ணில போட்டு வெச்சிக்கினு கீற? பேனுதான் போவும். புழு உள்ளாரல்ல கீது!"

அவள் சொன்னது, மறக்குமுன்:
பேன் - உப்பு, மஞ்சள்தூள், வெந்நீர். கால் மணி.
அவரை - நார் கிள்ளி, ஒவ்வொன்றாகப் பிரித்து, வெளிச்சத்தில்.
கத்தரி - ஓட்டை இருந்தால் நாலாக வெட்டிப் பார்.
முருங்கைக்கீரை - உதறு. கம்பளிப்பூச்சி. கையில் படக்கூடாது.

இத்தனை வருடம் தட்டில் வைத்ததைத் தின்றேன். இவ்வளவு வேலை என்று ஒரு நாள் சொன்னாளா?

கார்த்திகை 8, திங்கள்

நல்ல மழை. கரண்ட் இல்லை. சமையலறை இருட்டு. மணி ஒன்றாகிவிட்டது, மாத்திரைக்கு நேரம். கடைசி இரண்டு பிடி அவரையைப் பிரிக்காமலே போட்டேன். எழுதத்தான் வேண்டும். பிரிக்காமலே போட்டேன்.

சோற்றோடு குழைத்து ஊட்டினேன். இரண்டு வாய் வாங்கினாள். மூன்றாவதுக்கு வாயை மூடிக்கொண்டாள். "ம், ம்." தண்ணீரா? தலையணையா? வெளிக்குப் போகவேண்டுமா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றே தலையாட்டல். "துன்னாத்தான்டி மாத்திரை போட முடியும்" என்று கரண்டியை உதட்டில் வைத்து அழுத்தினேன். இடது கையால் தட்டிவிட்டாள். கிண்ணம் கீழே.

கத்திவிட்டேன். "இன்னாதான்டி வேணும் உனக்கு? நான் இன்னாதான் பண்றது?"

அழுதாள். சத்தமில்லாமல்.

தரையில் சோறு வழிக்கும்போது கண்டேன். பச்சைப் புழு, வெந்து வெளுத்தது. விரல்கணு நீளம்.

"இத்தப் பாத்துதான் சொன்னியா?"

"ம்."

முதல் இரண்டு வாயில் என்ன போனதோ. வாய் கொப்பளிக்கவும் அவளால் ஆகாது. ஈரத்துணியால் நாக்கைத் துடைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு காட்டினாள்.

கார்த்திகை 9, செவ்வாய்

உத்திரமேரூர் கடைத்தெருவில் அவரை வாங்கிவந்தேன். ஒரு ஓட்டை இல்லை, பளபளப்பு. வேகவைத்துக் கொண்டுபோனேன். மோந்து பார்த்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பவுனம்மா: "அக்கா கடைக்காய வூட்டுக்குள்ள சேக்காதுண்ணா. உனக்குத் தெரியாதா?" தெரியாது.

நாள் முழுக்க வெறும் கஞ்சி நாலு கரண்டி. உதடு காய்ந்திருக்கிறது.

கார்த்திகை 10, புதன்

வெயில். யோசனை வந்தது. பவுனம்மாவும் நானுமாகத் தூக்கி, பந்தல் எதிரே நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தோம். நான் அவள் இடப்பக்கம், முறத்தோடு. ஒவ்வொரு காயாகப் பிரித்துக் காட்டுவது, அவள் "ம்" சொன்னால் சட்டியில். நான் நல்லது என்று நினைத்த இரண்டில் புழு கண்டுபிடித்தாள். சிரிப்பு மாதிரி ஒன்று, வாய் ஒரு பக்கம் மட்டும் ஏறி. இருபது, முப்பது காய். இத்தனை நாளில் இதுதான் நல்ல நேரம்.

ஒரே பக்கம் நீட்டி நீட்டிக் கை வலித்தது. நாற்காலிக்கு மறுபக்கம், அவள் வலப்புறம் மாறி உட்கார்ந்தேன். ஒரு காயைப் பிரித்து நீட்டினேன். "ம்." உள்ளே புழு. நெளிகிறது. விளையாடுகிறாளோ என்று மறுபடி காட்டினேன். இன்னும் கிட்ட. "ம்" என்றாள், பொறுமையாக. அந்தப் பக்கம் அவளுக்குக் கண் தெரியவில்லை. அது அவளுக்கே தெரியவில்லை.

பவுனம்மா என்னைப் பார்த்தாள். "வாணாண்ணா, ஒண்ணும் கேக்காத."

புழுவைத் தள்ளிவிட்டுக் காயைச் சட்டியில் போட்டேன். எழுந்து இடப்பக்கம் வந்து அடுத்ததைப் பிரித்தேன்.